ஏப்ரல் மட்டும் உள்ளவன்

எண்பதுகளின் நடுவில் ஒரு வசந்தகாலம் முழுவதும், நேரில் ஒருநாளும் பார்த்திராத ஓர் அமெரிக்கப் பொடியனுக்காக நான் பயந்துகொண்டிருந்தேன். அவன் பேஸ்பால் ஆடுகிறவன். நான் சூரிச்சில், லாங்ஸ்ட்ராஸ வீதிக்குப் பக்கத்தில், ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன். அவன் பந்தைத் தவறவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

அந்த உணவகத்தின் தலைமைச் சமையல்காரர் அமெரிக்கர். ஜெர்மனியில் இராணுவத்தில் இருந்துவிட்டு, சுவிஸ்காரி ஒருத்தியைக் கட்டி இங்கேயே தங்கிவிட்ட மனிதர். ஆளை எடுப்பதும் நிறுத்துவதும் அவர் கையில்தான். ஏப்ரல் தொடக்கத்தில் என்னைச் சேர்த்தபோது ‘ப்ரோபெட்சைட்’ என்று ஒரு சொல்லைச் சொன்னார். சோதனைக் காலம். ஜூன் முடியுமட்டும் பார்ப்பார். பிடிக்காவிட்டால் காரணம் சொல்லாமலே அனுப்பலாம்.

அனுப்பினால் எங்கே போவேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கு முந்திய குளிர்காலம் முழுக்க, நிலத்துக்கு அடியில் போர்க்காலத்துக்கென்று சுவிஸ்காரர் கட்டிவைத்த பங்கர் ஒன்றில்தான் எங்களைப் படுக்க வைத்திருந்தார்கள். குண்டுக்குப் பயந்து ஓடி வந்தவனைக் கொண்டுபோய்க் குண்டுக்குப் பயந்து கட்டிய இடத்தில் போட்டால் எப்படி இருக்கும்? யன்னல் கிடையாது. பகல் எது, இரவு எது என்று தெரியாது. காற்றாடியின் இரைச்சலில் ஒருவன் கனவில் கத்தினால் வரிசையாக எல்லோரும் எழும்பி உட்காருவோம். வேலை கிடைத்த பிறகுதான் உணவகத்துக்கு மேலே, கூரைக்குக் கீழ் அறையில், மன்னாரைச் சேர்ந்த ஓர் அண்ணையோடு இடம் கிடைத்தது. அவர் அதே உணவகத்தில் கிழங்கு உரிப்பவர், தரை கழுவுபவர். அறைக்கு ஒரு யன்னல் இருந்தது. அதைத் திறந்தால் ட்ராம் போவது தெரியும். வேலை போனால் அறை போகும், திரும்பவும் பங்கர்தான். அங்கிருந்து ஆட்களை விமானத்தில் ஏற்றிவிடுகிறார்கள் என்றும் எங்களுக்குள் ஒரு பேச்சு அடிபட்டது. உண்மையோ பொய்யோ, எனக்கு நித்திரை போய்விட்டது.

இனிச் சமையல்காரரின் பைத்தியத்துக்கு வருகிறேன். அவரும் இராணுவத்தில் கூட இருந்த சிநேகிதர் சிலரும் ஆளுக்கொரு அணி வைத்திருந்தார்கள். கடதாசியில் மட்டும் உள்ள அணி. அமெரிக்காவில் உண்மையாக ஆடுகிற வீரர்களில், எந்த அணியில் ஆடினாலும் சரி, தமக்குப் பிடித்தவர்களை ஆட்டப் பருவம் தொடங்க முதல் பொறுக்கிக்கொள்வார்கள். அந்த வீரன் அங்கே அடித்தால் இங்கே இவருக்குப் புள்ளி. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கூடி, சரிவராதவனை நிறுத்திவிட்டு வேறொருவனை எடுப்பார்கள். கடைசியாக வருகிறவர் மற்ற எல்லோருக்கும் ஒருநாள் சமைத்துப் போட வேண்டும். எங்கள் ஆளோ தொழில்முறைச் சமையல்காரர், தோற்றுச் சமைப்பது அவருக்கு மானப் பிரச்சினை.

எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும் என்று கண்டதும் எனக்கொரு வேலை தந்தார். காலையில் பிரதான ரயில் நிலையத்துக்குப் போய் ஆங்கிலப் பேப்பர் வாங்கிவர வேண்டும். அவர் இறைச்சிக் கையோடு நிற்பார். நான் விளையாட்டுப் பக்கத்தை விரித்து, அவருடைய ஆட்கள் எத்தனை தரம் அடிக்கப் போனார்கள், எத்தனை அடித்தார்கள் என்று சத்தமாக வாசிப்பேன். பிறகு கோப்பைத் தொட்டிக்குத் திரும்புவேன்.

அந்த ஏப்ரலில் அவருடைய ஆட்களில் இருவருக்குச் சரிவரவில்லை. ஒருவர் பெயர்பெற்ற பழைய ஆட்டக்காரர். மற்றவன் அந்த வருடம்தான் பெரிய அணிக்கு வந்த புதுப் பொடியன். நாள் தவறாமல் இருவருக்கும் பூச்சியம். ஒரு காலை நான் வாய் திறந்து கேட்டேன்.

“பெரியவரை நிப்பாட்டப் போறீங்களோ?”

அவர் சிரித்தார். அவருடைய ஆங்கிலம் என் தலைக்குள் எங்கள் பேச்சாகத்தான் விழும், அப்படியே சொல்கிறேன்.

“அவரையோ? அவர் எத்தினை வருசமா அடிக்கிறார் எண்டு எனக்குத் தெரியும். குளிர் போகட்டும், அடிப்பார். பொடியன்தான் பிரச்சினை. அவனைப் பற்றி எனக்குத் தெரிஞ்சது இந்த ஏப்ரல் மட்டும்தான்.”

சொல்லிவிட்டு இறைச்சியை வெட்டத் தொடங்கினார். நான் பேப்பரை மடித்தேன். என்னைப் பற்றி இவருக்கு வேறென்ன தெரியும்? ஊரில் நான் யார், எப்படிப்பட்ட பிள்ளை, என்ன படித்தேன் என்று சொல்ல இந்த நாட்டில் ஒருவரும் இல்லை. என்னிடமும் ஏப்ரல் மட்டும்தான் இருந்தது.

அன்றிலிருந்து எனக்கும் அந்தப் பொடியனுக்கும் ஒரே விதி என்று மனம் முடிச்சுப் போட்டுக்கொண்டது. நிலையத்தில் பேப்பரை வாங்கியதும் அங்கேயே, ஆட்கள் இடித்துக்கொண்டு போக, அவன் பெயரைத் தேடுவேன். பூச்சியம் என்றால் உணவகத்துக்குத் திரும்பும் வழி நீளமாகிவிடும். இது விசர், சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பயம் போகவில்லை.

பயந்தவன் தனக்குத் தெரிந்ததைத்தானே செய்வான்? யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடக் கிரிக்கெட் அணிக்கு நான் தொடக்கத் துடுப்பாட்டக்காரன். புதுப் பந்து துள்ளும்போது ஒன்றும் செய்யாமல் நிற்பதுதான் என் கெட்டித்தனம். வெளியே போகிற பந்தை விடு, துடுப்பை உயர்த்திக்கொண்டு நில், விக்கெட் போகாவிட்டால் போதும். ஒரு மணித்தியாலம் நின்று ஒன்றும் அடிக்காமல் வந்தாலும் மாஸ்டர் முதுகில் தட்டுவார். சோதனைக் காலத்தையும் அப்படித்தான் ஆடினேன். ஒரு கோப்பை உடையவில்லை. என் தொட்டியைத் தவிர வேறெதையும் தொடவில்லை. அடுப்படியில் ஆள் போதாமல் மற்றச் சமையல்காரர்கள் துள்ளியபோதும், பிழை விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் என் மூலையிலேயே நின்றேன். கேட்டால் மட்டும் பதில். நன்றாகத் தாக்குப்பிடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன், மடையன்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஜெர்மனியிலிருந்து வரும் அமெரிக்க இராணுவ வானொலியைச் சமையலறையில் போட்டிருந்தார். இரைச்சலுக்குள் பொடியனின் பெயர் கேட்டது. நான் தண்ணீரை மூடினேன். ஒரு பந்து வந்தது, விட்டான். இன்னொன்று, விட்டான். மூன்றாவதையும் விட்டான். எனக்குப் பெருமையாக இருந்தது. நல்ல பொறுமை! சமையல்காரர் கரண்டியை மேசையில் எறிந்தார்.

“ஏன், நல்லாத்தானே விடுறான்?” என்றேன்.

“நல்லாவோ? அவன் அவுட்!”

“பந்து அவனிலை படவும் இல்லை, ஒருத்தரும் பிடிக்கவும் இல்லையே?”

அவர் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அடிக்கக்கூடிய பந்து மூன்றை விட்டால், தொடாவிட்டாலும் ஆட்டம் இழந்தமாதிரித்தான் என்று விளங்கப்படுத்தினார். “அடிச்சுப் பிழைச்சவனை நான் மன்னிப்பன். சும்மா நிண்டு போறவனை என்ன செய்யிறது? அவனுக்கு அங்கை நிக்க விருப்பமில்லை எண்டுதான் நான் நினைப்பன்.”

அடுத்த ஞாயிறு தொலைபேசியில் பொடியனை நிறுத்திவிட்டார். அதோடு விட்டதா? சில நாளில் பேப்பரிலும் அவன் பெயர் இல்லை. அமெரிக்காவில் அவனுடைய உண்மையான அணியே அவனை எங்கோ சின்ன ஊர் அணிக்கு அனுப்பிவிட்டதாம். அந்த ஆட்டங்களை இந்தப் பேப்பர் போடாது. நான் நிலையத்தில் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அறைக்கு ஓடிப்போய் அண்ணையிடம் சொன்னேன்.

“அண்ணை, என்னை நிப்பாட்டப் போகினம்.”

“ஆர் சொன்னது?”

பொடியனின் கதையைச் சொன்னேன். அண்ணை சப்பாத்தைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

“உனக்கு நல்ல விசர். அவனெங்கை, நீயெங்கை? சரி, அவ்வளவு பயமெண்டால் போய்க் கேளன்.”

“கேட்டு இல்லையெண்டு சொல்லிப்போட்டால்?”

“கேளாட்டி மட்டும் ஓமெண்டு சொல்லுவானோ?”

மத்தியானச் சாப்பாட்டு அவசரம் முடிந்த நேரம் பார்த்து அடுப்படிக்குப் போனேன். என் மூலையை விட்டு அவ்வளவு தூரம் வந்தது அன்றுதான். மனப்பாடம் பண்ணிய ஆங்கிலம் எல்லாம் பறந்துவிட்டது. எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்: “எனக்கு இங்கை வேலை செய்ய விருப்பம். சமைக்கவும் பழகுவன். என்னை அனுப்பாதேங்கோ. என்னாலை திரும்ப நிலத்துக்குக் கீழை போய்ப் படுக்கேலாது.”

அவர் அடுப்பை அணைத்தார்.

“இதை ஏன் ஏப்ரலிலை சொல்லேல்லை? உனக்கு இங்கை நிக்க விருப்பமில்லை எண்டெல்லோ நான் நினைச்சன்.” பிறகு சொன்னார்: “ஜூன் முடிய உன்ரை இடத்துக்கு வேறை ஆள் வாறான். போன கிழமையே சொல்லிப்போட்டன்.”

“ஆர்?”

“உன்ரை நாட்டுப் பொடியன் ஒருத்தன். நீ சொன்ன அந்தப் பங்கர் முகாமிலை இருக்கிறான்.”

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு நடைகூடத்துக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தார். தன்னுடைய உடைந்த ஜெர்மனில் முகாம் பொறுப்பாளரிடம் அவர் பேசியது சமையலறைக்குத் தெளிவாகக் கேட்டது. அந்த ஆள் தேவையில்லை, வரவேண்டாம் என்று சொல்லுங்கள் என்றார். திரும்பி வந்து என் கையில் வெங்காயக் கூடையைத் தந்தார்.

நான் தப்பிவிட்டேன். அழுதேன், வெங்காயம் வசதியாக இருந்தது. பிறகுதான் மற்றது உறைத்தது. அந்த மனிதன் ஒரு கோப்பைகூடக் கழுவிக் காட்டவில்லை. வேலை கிடைத்துவிட்டது என்று பக்கத்துக் கட்டிலில் படுத்தவனுக்குச் சொல்லியிருப்பான், ஊருக்கு எழுதியிருந்தாலும் எழுதியிருப்பான். எனக்கும் அந்த அமெரிக்கப் பொடியனுக்கும் ஏப்ரலாவது இருந்தது. இவனுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

அந்தக் கோடை முழுவதும் பின்கதவை யாராவது தட்டினால் நான் திறக்கப் போகமாட்டேன், அண்ணையைத்தான் அனுப்புவேன். அவன் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. இப்போதும் கோயிலிலோ கடையிலோ என் வயதுக்காரர் ஒருவர் பேச்சுக் கொடுத்து, “வந்த புதுசிலை எங்கை வேலை செய்தனீங்கள்?” என்று கேட்டால், சூரிச்சில் ஒரு சமையலறையில் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன்.