கல்லூரிக்குப் புறப்பட்ட காது

கல்லூரியில் இடம் கேட்கப் போன அன்று, நான் சண்டை போட வந்திருக்கிறேன் என்று அலுவலகத்தில் இருந்தவர்கள் நினைத்துவிட்டார்கள். "சாயங்கால வகுப்புல பி.ஏ. வரலாறு சேரோணுங்க" என்று மரியாதையாகத்தான் கேட்டேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள். வாட்ச்மேன் வாசலில் வந்து நின்றார். பக்கத்து அறையிலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் வந்து என் தோளில் கை வைத்து ஏதோ சொன்னார். அதில் பாதி எனக்கு விளங்கவில்லை. ஆனால் உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமர்த்திக் காட்டினாரே, அது நன்றாக விளங்கியது. சத்தத்தைக் குறையுங்கள் என்கிறார்.

என் சத்தம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ரிக் வண்டியில் காலம் கழித்த யாருக்கும் தெரியாது. ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுகிற வண்டியைத்தான் எங்கள் பக்கத்தில் ரிக் என்போம். திருச்செங்கோட்டைச் சுற்றி வீட்டுக்கு ஒருவராவது அதில் ஏறி வடக்கே போயிருப்பார்கள். கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவன் செத்தால்கூடச் சத்தம் கேட்காது. அதனால் எங்களுக்கு எல்லாம் கைதான். விரலைச் சுழற்றினால் காற்றைத் திற, கையை மூடினால் நிறுத்து. இரண்டு கையையும் தலைக்கு மேலே விரித்துத் தூக்கினால் தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கடைசி சைகைக்காகத்தான் அத்தனை பாடும்.

எங்கள் காட்டிலேயே ஒருமுறை எங்கள் வண்டியைக் கொண்டுவந்து போர் போட்டோம். கிணறு வற்றி, தென்னை ஒவ்வொன்றாகப் பட்டுக்கொண்டிருந்த நேரம். அப்பா பயந்துபோய்க் காட்டின் மறுகோடியில் நின்றுகொண்டார். நான் வண்டி மேலிருந்து இரண்டு கையையும் தூக்கினேன். அவர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

கல்லூரியில் ஒரு வருடம் படித்திருந்த என்னை ரிக்குக்கு அனுப்பியதும் அவர்தான். கிணறு வற்றிய அதே கஷ்டம். அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது, வேறு வழியும் கிடையாது. ஆனால் விட்ட படிப்பு தொண்டையில் சிக்கிய முள் மாதிரி இருந்துகொண்டே இருந்தது. வண்டி எங்கெங்கோ போகும். ஆளில்லாத பொட்டலில் இடிந்த கோட்டை ஒன்று நிற்கும், அதற்கு நூறு அடி தள்ளி நாங்கள் பூமியைத் துளைத்துக்கொண்டிருப்போம். யார் கட்டியது, யார் இடித்தது என்று உள்ளூர்க்காரனைக் கேட்டால் தோளைக் குலுக்குவான். எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருக்கும். "படிச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று இப்போது கேட்கிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அதனால் சும்மா, பொழுது போகாமல்தான் என்று சொல்லிவிடுவேன்.

ரிக்கை விட்டு வந்தபோது வலது காது அறவே போயிருந்தது. இடது காது அரைகுறை. சேலத்து டாக்டர் ஒரு மிஷின் கொடுத்தார். அதை மாட்டினால் மிக்ஸியும் மோட்டாரும் காக்கையும் சேர்ந்து மண்டைக்குள் வந்து குடியேறிவிடும். பேச்சு மட்டும் அதே தூரத்தில் நிற்கும். மிஷினைக் கழற்றி டப்பாவில் போட்டேன். அது தெரிந்தால் செவிடன் என்பார்களே என்ற நினைப்பும் இருந்தது என்பதை எதற்கு மறைக்க வேண்டும்?

இடம் கிடைத்துவிட்டது. வகுப்பு தொடங்க ஒரு மாதம் இருந்தது. சட்டை எடுத்தேன், பை வாங்கினேன், பேனா வாங்கினேன். பாடம் காதில் விழவில்லை என்றால் இவை எதற்கும் பிரயோசனம் இல்லை, இரண்டாம் தடவையும் பாதியில் எழுந்து வர வேண்டியதுதான் என்று எனக்குத் தெரியும். முதல் தடவை நின்றதற்குக் கிணற்றைச் சொன்னேன். இந்தத் தடவை எதைச் சொல்வது?

என் மனைவிக்கு அந்தப் பயமே இல்லை. அவள் வெண்ணந்தூர்ப் பக்கம் தறிக்கூடம் வைத்திருந்த வீட்டில் பிறந்தவள். விசைத்தறிகள் ஓடுகிற கூடத்துக்குள் வளர்ந்தவள்.

"தறி ஓடறப்ப எங்கூட்டுல யாரு கத்துனாங்க? வாயப் பாத்தே பேசிக்குவோம். எங்கம்மா அக்கட்ட கோடியில நின்னுட்டு ஊருக் கதையெல்லாஞ் சொல்லும், ஒரு சத்தம் வராது. நீங்களும் பழகிக்குங்க" என்றாள்.

மறுநாளிலிருந்து சமையலறை வகுப்பறை ஆனது. கிரைண்டரை ஓடவிட்டு, அதற்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்து, அவள் செய்தித்தாளைச் சத்தமில்லாமல் வாசிப்பாள். அவள் வாயைப் பார்த்து நான் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் வாரம் மானம் போயிற்று. முட்டை விலையா மந்திரி பேச்சா என்றே தெரியாது. தெரியாததற்கெல்லாம் வழக்கம்போல "ம், ம்" என்று தலையாட்டினேன். அவள் தாளைக் கீழே வைத்துவிட்டு கிரைண்டரை நிறுத்தினாள்.

"இந்த 'ம்'ம மொதல்ல உடுங்க. வடக்க இருந்தப்ப போன்லயும் இதேதான். பாப்பா பொறந்தப்ப என்ன பேரு வெக்கலாம்னு கேட்டேன். அதுக்கும் 'ம்'னீங்க."

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் போன் பேச்சுகளில் அவள் சொன்னது என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு எத்தனை விஷயங்களுக்கு "ம்" போட்டிருப்பேனோ. கிரைண்டரை மறுபடி போடச் சொன்னேன். அன்றைக்குத்தான் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன்.

வர வர ருசி கண்டுவிட்டது. பஸ் ஸ்டாப்பில் நின்று எதிர்ப்பக்கம் பேசுகிறவர்களைப் படிப்பேன். பெரிய ரகசியம் ஒன்றும் கிடைக்கவில்லை. பெரும்பாலும் யார் வீட்டுக் கல்யாணத்தில் என்ன சாப்பாடு என்பதுதான். உதடு எல்லாவற்றையும் காட்டாது, பாதியை ஊகிக்க வேண்டும். மெதுவாகப் பேசுகிறவர்கள் தெய்வம். வெற்றிலை போட்டவர்கள் எமன். மீசைக்காரர்கள் அதைவிட மோசம்.

"மீசைக்காரரு பாடம் எடுத்தா என்ன பண்ணுவீங்க?" என்று ஒருநாள் கேட்டாள் என் மனைவி. "அதுகூட உடுங்க. போர்டுப் பக்கந் திரும்பிட்டுப் பேசுனா?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. வாத்தியார் என்றால் பாதி நேரம் முதுகுதானே?

"மொத நாளே சொல்லீருங்க. காது மந்தமுங்க, இக்கட்ட திரும்பிச் சொல்லுங்கன்னு."

"அதெல்லாஞ் சொல்ல முடியாது. முன் பெஞ்சுல உக்காந்தாப் போதும்" என்றேன். அவள் அமர்த்து என்று கையைக் காட்டினாள். கத்தியிருக்கிறேன்.

அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது என்றுதான் இருவரும் நினைத்திருந்தோம். அவர் எருமைகளோடு காலையில் போனால் வெயில் ஏறித்தான் வருவார். அவர் பேசுவதும் குறைவு, பேசினால் வெள்ளை மீசைக்குள்ளேயே பாதி நின்றுவிடும். நான் வாங்கிவந்த பையைப் பார்த்துவிட்டு, "இன்னொரு எருமையப் புடிச்சுக் கட்டியிருந்தாப் பாலாச்சும் கெடைச்சிருக்கும்" என்று மனைவியிடம் சொன்னாராம். அதோடு சரி.

வகுப்பு தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது ஊர்க்காரர்களோடு மலைக் கோயிலுக்குப் போய்விட்டு மொட்டையோடு திரும்பி வந்தார். மீசையையும் எடுத்துவிட்டிருந்தார். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இருந்தார். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"எதுக்குங்கப்பா?" என்று கேட்டேன்.

"வேண்டுதலு" என்றார். எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து, வண்டிக்குப் பஞ்சர் ஒட்டக் கடைத்தெருவில் நின்றிருந்தேன். எதிர்ப்பக்கம் டீக்கடை பெஞ்சில் அப்பாவும், பால் சொசைட்டியில் பால் அளக்கிற அவருடைய கூட்டாளியும். நடுவில் லாரிகளும் பஸ்களும் போய்க்கொண்டிருந்தன. பழக்க தோஷம், அப்பாவின் வாயைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற முகம், ஆனால் அந்த உதடுகளை நான் அதுவரை முழுசாகப் பார்த்ததே இல்லை. எல்லாச் சொல்லும் பிடிபட்டது என்று சொல்ல மாட்டேன். பிடிபட்டது இது.

"என்ற பையனுக்குக் காது கேக்கறதில்ல. எங்கிட்ட மறைக்கறான்."

ஒரு பஸ் குறுக்கே போனது. அது நகரும்வரை எட்டி எட்டிப் பார்த்தேன்.

"அவன் வாத்தியாருகிட்டச் சொல்லமாட்டான். ரோசக்காரன். திங்கக்கெழம நானே போயி, முன்னால உக்கார வெச்சு மொகத்தப் பாத்துச் சொல்லிக்குடுங்கன்னு சொல்லீட்டு வாரேன். நாந்தான ரிக்குக்கு அனுப்புனேன்."

முதலில் வந்தது கோபம்தான். நாற்பதைத் தாண்டியவனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிற மாதிரி அப்பன் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் வாத்தியாரிடம் ஒப்படைப்பதா? கல்லூரியே சிரிக்காதா? அப்புறம் அந்த மழித்த மேலுதட்டைப் பார்த்தேன். வேண்டுதல் எனக்காகத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. அங்கே அடுக்கியிருந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். பஞ்சர் கடைக்காரர் என்ன நினைத்தாரோ, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று தண்ணீர் மட்டும் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் நன்றாகப் பார்க்கும்படி நின்று, சத்தமே இல்லாமல் சொன்னாள்: "மாமா போறதுக்குள்ள நீங்க சொல்லீருங்க."

மிச்சமிருந்த நாட்களில் பழகியது அந்த ஒரு பேச்சைத்தான். அதைக் கத்தாமல் சொல்ல வேண்டும், அதுதான் பெரும்பாடு. தொண்டையில் இரண்டு விரலை வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அதிர்வு அதிகமாக இருந்தால் சத்தம் அதிகம். கண்ணாடி முன்னால் சொன்னேன், எருமைகளிடம் சொன்னேன். எருமைகள் மிரளாத அளவுக்கு வந்ததும் போதும் என்றாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் முன் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஜவுளிக்கடை வேலை முடித்து வந்த பையன்கள், லாரி ஆபீஸ் குமாஸ்தா ஒருவர், யூனிஃபார்மோடு ஒரு நர்ஸ். பாடம் எடுக்க வந்தவர் இளம் பெண். அப்பாடா, மீசை இல்லை. எங்களைப் பார்த்து அவர் பேசிய முதல் கொஞ்ச நேரம் ஒன்றும் தவறவில்லை. கோட்டைகளைப் பற்றித்தான் தொடங்கினார். நோட்டில் முதல் வரியாக அதைத்தான் எழுதினேன்.

பிறகு போர்டின் பக்கம் திரும்பினார்.

எனக்கு எல்லாம் நின்றுபோயிற்று. பக்கத்தில் எல்லாப் பேனாவும் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய தோள் அசைந்தது, பின்னல் அசைந்தது, ஏதோ முக்கியமாகச் சொல்கிறார் என்று தெரிந்தது. எழுந்து சொல்லிவிடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் இப்படியே சமாளித்துவிடலாம், நர்ஸின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று மனசு பேரம் பேசியது. வாயில் "ம்" தயாராக இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வண்டி நிறுத்துகிற இடத்தில் மொட்டைத் தலையோடு அப்பா நின்றிருந்தார். வெளுத்த வேட்டி, துண்டு. வாட்ச்மேனிடம் கையைக் கட்டிக்கொண்டு ஏதோ கேட்கிறார், வாட்ச்மேன் எங்கள் அறைப் பக்கம் கையைக் காட்டுகிறார்.

எழுந்தேன். தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டேன்.

"மேடம், எனக்குக் காது சரியாக் கேக்காதுங்க. மொகத்தப் பாத்தாப் புரிஞ்சுக்குவேன். இந்தப் பக்கந் திரும்பிச் சொல்றீங்களா?"

சத்தம் எவ்வளவு இருந்ததோ தெரியாது. யாரும் நாற்காலியைத் தள்ளிக்கொள்ளவில்லை. அவர் திரும்பினார். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு எனக்கு நேராக வந்து நின்று நிதானமாகச் சொன்னார். ஒரு சொல்லும் தவறாமல் படித்தேன்.

"சரிங்கண்ணா. நான் மறந்து திரும்பீட்டாக் கையத் தூக்குங்க."

எழுதியதை எல்லாம் முதலிலிருந்து, எங்களைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். நான் எழுதிக்கொண்டே போனேன். அவர் பக்கம் புரட்டிய இடைவெளியில் ஜன்னலைப் பார்த்தேன். அப்பா இப்போது வராந்தாவுக்குக் கீழே வந்திருந்தார். மேலுதட்டில் மீசை வெள்ளையாக முளைக்கத் தொடங்கியிருந்தது. என் கண்ணைப் பார்த்ததும் அவர் வாய் அசைந்தது. சத்தம் போட்டுக் கேட்டாரா, சும்மா உதட்டை அசைத்தாரா, எனக்குத் தெரியாது.

"சொல்லீட்டயா சாமி?"

வகுப்பு மொத்தமும் இருப்பதை மறந்து இரண்டு கையையும் தலைக்கு மேலே விரித்துத் தூக்கினேன்.

அப்பா தண்ணீர் வந்த அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்தாரே, அதே மாதிரி வராந்தாப் படியில் உட்கார்ந்துவிட்டார்.