அரோகரா என்றால் குரைக்கும் ஜிம்மி

முருகனடியார்களே, அப்பாவைக் காணவில்லை. நாயையும் காணவில்லை. பாறைமலையின் உச்சியில், குமரன் சன்னதி வாசலில், மூடுபனிக்குள் நான் தனியாக நின்றேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஓர் ஐப்பசி ஞாயிறு அது. நாங்கள் குடியிருக்கும் மர்பி டவுனிலிருந்து வாடகை வேனில் கனகபுரா பக்கம் சென்று மலையேறியிருந்தோம். எங்கள் ஜிம்மியும் வந்தது. நாயோடு மலையேற அப்பா ஒழுங்கு ஒன்று வகுத்திருந்தார்: சங்கிலியைக் கழற்றக் கூடாது, ஈரப்பாறையில் அதை முன்னே விடக் கூடாது, நம் தாகத்துக்கு முன் அதன் தாகம். சன்னதிக்குள் நாயை விடமாட்டார்கள். ஆகவே ஒருவர் உள்ளே வணங்க, மற்றவர் வெளியே சங்கிலியைப் பிடித்திருப்பார்.

"நீ முதல்ல போய்ட்டு வாடா," என்றார் அப்பா. "உள்ள பட்டிமன்ற மைக் கிடையாது. சாமிகிட்டயாவது சுருக்கமா பேசு."

"மணி அடிச்சா நிறுத்திடுவேன்பா."

திரும்பி வந்தபோது வாசலில் காலித் தண்ணீர் பாட்டில் மட்டும் கிடந்தது. ஜிம்மிக்காகச் சுனை தேடிப் போயிருந்தார். அதற்குள் பனி இறங்கிவிட்டது.

"அப்பா!" என்று கத்தினேன். பாறைகள் என் குரலையே திருப்பித் தந்தன. பூசாரி ஓடிவந்தார்.

"அந்தப் பக்கம் பூரா பாசி சார். கால் வெக்காதீங்க, ஸ்வல்ப இருங்க, கொஞ்சம் பொறுங்க."

எந்த அணிக்கும் அஞ்சாத பட்டிமன்ற நாக்கு எனது. "முருகா, ரெண்டு பேரையும் குடு." அவ்வளவுதான் வந்தது. பிறகு, வேண்டுதலை முடிக்கும் வீட்டுப் பழக்கத்தில், அடிவயிற்றிலிருந்து "அரோகரா!" என்றேன்.

கீழிருந்து ஒரு குரைப்பு!

எங்கள் வீட்டு மாலைப் பூசையில் அரோகரா சொன்னதும் ஜிம்மி ஒருமுறை குரைக்கும். பிறகுதான் அதற்குத் தேங்காய்த் துண்டு. அந்த வழக்கத்தை அது அங்கும் மறக்கவில்லை.

மீண்டும் அழைத்தேன். மீண்டும் குரைத்தது. பூசாரி கொண்டுவந்து கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே அவரும் நானும் இறங்கினோம். ஒவ்வொரு அழைப்புக்கும் பதில் மெலிந்துகொண்டே வந்தது. ஒரு புதரடியில் அப்பா கால் முறிந்து கிடந்தார். அவர் மடியில், இடுப்பு நொறுங்கிய நிலையில் ஜிம்மி.

"எனக்குக் குரலே வரலடா," என்றார் அப்பா. "இதுதான் பேசிச்சு."

வேன் நகருக்குள் நுழையுமுன் அந்த மடியிலேயே அது அடங்கிவிட்டது.

இருவரைக் கேட்டேன், ஒருவரைத் தந்தான். ஏன் என்று வாதிட எனக்குத் தெரியும். வாதிடவில்லை. கேட்ட நொடியிலேயே பதில் தந்தான். அதை ஒரு வாயில்லா ஜீவனின் வாயில் வைத்து அனுப்பினான். இன்று அப்பா ஊன்றுகோலோடு பூசையில் நிற்கிறார். எந்தப் போட்டி இருந்தாலும் அந்த வேளையில் நான் அவர் பக்கத்தில் இருக்கிறேன்.

அன்பர்களே, வழி மறைந்து நிற்கும்போது அவனை உரக்கக் கூப்பிடுங்கள். பதில் வரும். நாயோடு மலைக்குப் போகிறவர்கள் தண்ணீர் கூடுதலாகக் கொண்டுபோங்கள்.

அரோகரா சொன்னபின் எங்கள் வீட்டில் இப்போதும் அந்த ஒரு குரைப்புக்குக் காது கொடுக்கிறோம். பிறகு அப்பா தேங்காயில் ஒரு துண்டை எடுத்து வாசற்படியில் வைக்கிறார்.