தென்கோடிப் பாலை மரங்களும் வள்ளிக்கண்ணுவும்

வள்ளிக்கண்ணு இறந்துவிட்டார்.

நேற்று, புதன்கிழமை என்று இங்கே சிலர் பதிவிட்டிருக்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை, விடிவதற்குச் சற்று முன்பு... திருத்திக்கொள்ளவும்.

அவர் மகள் போனில் சொன்னபோது "சரிம்மா" என்று மட்டும் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் என்ன நினைத்தேன் என்று கேட்டால் தெரியவில்லை.

அறியாதவர்களுக்காக: அரிமளம் பக்கம் ஒரு கிராமத்துக் காட்டைக் குத்தகைக்கு எடுத்துத் தைலமரம் வைத்த காண்டிராக்டரிடம் நான் சூப்பர்வைசராக இருந்தேன். கன்று நட வந்த பெண்களைக் கூட்டிவந்தவர் வள்ளிக்கண்ணு.

ஐப்பசியில் நட்டதாகச் சொல்வார்கள். ஐப்பசிக் கடைசியில் வந்தது கன்று லாரி. நடவு தொடங்கியது கார்த்திகை பிறந்த பிறகு.

கன்றின் பாலிதீன் பையைக் கிழித்துவிட்டுத்தான் குழியில் வைக்க வேண்டும்... இல்லையென்றால் வேர் ஓடாது. அந்தப் பெண்களுக்கு அது தூக்கத்தில்கூடத் தெரியும்.

மாசியில் போய்ப் பார்த்தால், காடு முழுக்கக் கன்று தழைத்திருந்தது. தென்கோடியில், பழைய பாலை மரங்களை ஒட்டி நட்டவை மட்டும் அத்தனையும் கருகிக் கிடந்தன.

காண்டிராக்டர் ஒன்றைப் பிடுங்கினார். பையோடு வந்தது.

"என்னம்மா இது?"

"ஒங்க பையிதான் சார். பத்திரமா குடுத்தீங்க, பத்திரமா வச்சோம்."

பின்னால் நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

காண்டிராக்டர் சிரிக்கவில்லை. "நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வராத. அடுத்த மழைக்கு இந்தப் பாலையையும் தள்ளிட்டு நடுறேன்."

"நான் வரல சார். காடு பூரா எடுத்துக்கிட்டீங்க, இங்கிட்டு மட்டும் விட்ருங்க. பழம் பொறுக்க, வெறகு ஒடிக்கன்னு வீட்ல சொல்லிட்டுத்தான் வாரோம்... அங்க ஆம்பளைங்க இருக்காங்க. ஒரு பாட்டம் அழுகணும்னா நாங்க எங்கிட்டு போறது?"

அவர் ஜீப்பில் ஏறிவிட்டார்.

அடுத்த கார்த்திகையில் அந்த ஊரிலிருந்து ஒரு பெண்ணும் நடவுக்கு வரவில்லை. வெளியூர்ப் பெண்களை வேனில் கூட்டிப்போனோம்.

பாலை மரத்தடியில் ஊர்ப் பெண்கள் தூக்குவாளிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வள்ளிக்கண்ணு.

"சாப்டீங்களா சார்?" என்றார் என்னிடம். வேனில் வந்தவர்களைப் பார்த்து, "ஒங்க ஊர்ல இப்புடி ஒரு எடம் இருக்கா, இல்ல போயிருச்சா?"

சற்று நேரத்தில் கடப்பாரைகளைக் கீழே போட்டுவிட்டு, அவர்களும் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

காண்டிராக்டர் அந்தக் கோடியை அப்படியே விட்டுவிட்டார். வள்ளிக்கண்ணுவுக்கு அவரிடம் மறுபடி வேலை கிடைக்கவில்லை. செங்கல் சூளைக்குப் போனார்.

எங்கள் பக்கத்தில் சவத்தோடு பெண்கள் சுடுகாடு வரை போவதில்லை. தெருமுனையோடு திரும்பிவிடுவது வழக்கம்.

செவ்வாய்க்கிழமை மாலை யாரும் திரும்பவில்லை.

"போதும் தாயி, திரும்புங்க" என்றார் ஒரு பெரியவர்.

"இங்கன இல்ல மாமா. பாலை வரைக்கும் வாரோம்" என்றாள் மகள். பெரியவர் ஒதுங்கி வழிவிட்டார்.

தென்கோடிக்கு வந்ததும் பாடையை இறக்கச் சொன்னார்கள். எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

ஆண்கள் அனைவரும் ரோட்டோரம் போய் நின்றோம். எவ்வளவு நேரம்... நான் வாட்சைப் பார்க்கவில்லை.

பிறகு அவர்களே கூப்பிட்டார்கள். தூக்கிக்கொண்டு போனோம்.

சிரமமில்லாமல் போய்ச் சேருங்கள், வள்ளிக்கண்ணு.