டீசல் குடித்த மீட்டர்

சென்ற ஆண்டு ஜூலை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூரில் எங்கள் வேனை வாங்க ஓர் இளம் தம்பதி வருவதாக இருந்தது.

அது பழைய டீசல் வேன். பின் இருக்கைகளை எடுத்துவிட்டு ஒரு படுக்கை, ஒரு சின்ன சீட், சிறிய அடுப்பு மேடை, தண்ணீர் டிரம் எல்லாம் பொருத்தியிருந்தோம். முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆன பிறகு என் கணவரால் நீண்ட நேரம் உட்கார முடியாது. படுத்துக்கொண்டே போக முடிந்தால்தான் அவருக்குப் பயணம். வருடா வருடம் வேளாங்கண்ணிக்கு அப்படித்தான் போவோம். நான் ஓட்டுவேன்.

மைலேஜ் கணக்குப் பார்ப்பது என் வழக்கம். எப்போதும் ஒரே பங்க்கில், ஒரே பம்ப்பில் டேங்க்கை நிரப்புவேன். குழாய் தானாக நின்ற பிறகும், உள்ளே இருக்கும் காற்று வெளியேற வண்டியை லேசாக ஆட்டச் சொல்லி இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்வேன். "அக்கா வந்துட்டாங்க, வண்டியத் தாலாட்டுங்கப்பா" என்பார்கள் அங்கே. ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் பன்னிரண்டு வரும்.

அந்த வருடம் அது பதினொன்றாகி, பத்தாகி, ஒன்பதில் வந்து நின்றது. பள்ளிக்கரணைக்கு பிசியோதெரபிக்குப் போய் வருவதைத் தவிர வேறு ஓட்டம் இல்லை. முதலில் மேடவாக்கம் டிராஃபிக்தான் காரணம் என்று நினைத்தேன். ஃபில்டர் மாற்றினேன், டயருக்குக் காற்று சரிபார்த்தேன். புகைகூட வரவில்லை, ஆனாலும் எண் ஏறவில்லை. வயதான இன்ஜின், பிரித்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் மெக்கானிக். அந்தச் செலவு எங்களால் ஆகாது. விற்பது என்று முடிவு செய்தோம். அந்த வாரம் வேளாங்கண்ணி பற்றிக் கணவர் பேசவே இல்லை.

வந்த இளைஞர் ஐ.டி. கம்பெனியில் வேலை செய்பவர். மைலேஜ் குறைந்திருப்பதை நானே அவரிடம் சொன்னேன். ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். நான் அவர் பக்கத்திலும், அவர் மனைவி பின்னால் சின்ன சீட்டிலும் உட்கார்ந்தோம். என் கணவரும் கடைசியாக ஒருமுறை வருகிறேன் என்று ஏறிப் படுத்துக்கொண்டார். ஜி.எஸ்.டி. ரோட்டில் கூடுவாஞ்சேரி தாண்டிப் போய்த் திரும்பினோம். அந்தப் பெண் ஜன்னலுக்குத் திரை தைக்க அளவெடுத்துக்கொண்டே வந்தாள்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய இளைஞர், இறங்காமல் தன் போனையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, வண்டி டீசல் குடிக்கல. மீட்டர்தான் கிலோமீட்டர முழுங்குது. மேப்ல இருபத்துநாலு காட்டுது, இதுல பதினெட்டுதான் ஓடியிருக்கு."

வேகம் காட்டும் முள் ஒழுங்காக ஏறி இறங்கியதால், பக்கத்தில் ஓடும் எண்களை நான் சந்தேகிக்கவே இல்லை. டீசலைச் சொட்டுச் சொட்டாக அளந்தவள், தூரத்தை அந்த மீட்டர் சொன்னபடியே எழுதிக்கொண்டிருந்தேன். பதினெட்டுக்கு ஒன்பது என்றால், இருபத்துநாலுக்குப் பன்னிரண்டு. மனதுக்குள் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.

"இன்ஜின் நல்லா இருக்குக்கா. இப்பவும் குடுக்கிறீங்கன்னா நாங்க ரெடி. ஆனா தெரிஞ்சு குடுங்க" என்றார்.

பின்னாலிருந்து என் கணவரின் குரல் வந்தது. "தம்பி, டீ மட்டும்தான் குடுக்க முடியும் போல இருக்கே."

அந்தப் பெண்ணுக்குத்தான் முகம் வாடிவிட்டது, ஆனாலும் சிரித்துவிட்டாள். டீ குடித்துவிட்டுப் போனார்கள். மீட்டருக்குள் பல் தேய்ந்த சின்ன பிளாஸ்டிக் சக்கரம் ஒன்றை மாற்றியதோடு வேலை முடிந்தது. செப்டம்பரில் வேளாங்கண்ணி போய்வந்தோம்.

பிறகு அந்தத் தம்பதியை நான் பார்க்கவில்லை. அவர் பேசுவதற்கு முன் மனைவியைத் திரும்பிப் பார்த்த அந்தச் சில நொடிகளில், வண்டி ஏறக்குறைய அவர்களுடையதாகிவிட்டிருந்தது. அதை எங்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.