சறுக்கப் போன வீட்டுக்காரி

நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு என் மனைவிக்குப் பனிச்சறுக்குப் பைத்தியம் பிடித்தது. எங்கள் பக்கத்தில் அந்த வயதில் பெண்களுக்கு மூட்டுவலி பிடிக்கும், இல்லாவிட்டால் பக்தி பிடிக்கும். இரண்டுக்கும் நான் தயாராகத்தான் இருந்தேன். மூட்டுவலிக்குத் தைலம் வாங்கிக் கொடுக்கலாம், பக்திக்குக் கோயில் வரை கார் ஓட்டலாம். பனிக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்து மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். கூட வேலை பார்ப்பவர்கள் ஒரு குளிர்கால வார இறுதியில் அவளை ருவாபெஹு மலைக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். கிளென்ஃபீல்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காரில் கிளம்பினால் பாதிப் பகல் ரோட்டிலேயே போய்விடும். கையில் இருந்த ஸ்வெட்டர்களையெல்லாம் திணித்துக்கொண்டு, ஒரு டப்பா புளியோதரையும் கட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது இடுப்பில் தோசை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. "எத்தனை தடவை விழுந்தேன்னே தெரியலங்க" என்றாள். விழுந்து எழுந்தவள் முகமாக அது இல்லை. அப்படி ஒரு முகத்தை நான் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

அன்று சாயங்காலமே திருச்சியில் இருக்கும் அக்காவைப் போனில் கூப்பிட்டு, "சறுக்கப் போயிருந்தேன்க்கா" என்றாள். அக்கா காதில் விழுந்தது பாதிதான்.

"எங்கடி சறுக்கின? பாத்ரூம்லயா? எக்ஸ்ரே எடுத்துப் பாத்தியா?"

"இல்லக்கா, நானாத்தான் சறுக்கினேன்."

"நீயா ஏண்டி சறுக்கின?"

அக்காவைக் குறை சொல்ல முடியாது. பரீட்சையில் சறுக்கினான், வியாபாரத்தில் சறுக்கினான் என்றுதான் நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். டிக்கெட் எடுத்து, வரிசையில் நின்று, ஆள் வைத்துக் கற்றுக்கொண்டு சறுக்குவதை அவளுக்குக் கடைசி வரை விளங்கவைக்க முடியவில்லை. நல்லெண்ணெயை வெதுவெதுப்பாகச் சூடு பண்ணித் தடவு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

கிளென்ஃபீல்டுக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் பெரிய கிடங்கு மாதிரி ஒரு கட்டடம் இருக்கிறது. உள்ளே வருடம் முழுவதும் இயந்திரம் போட்டுப் பனி தயாரித்துச் சரிவில் கொட்டி வைத்திருப்பார்கள். அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவள் அங்கே போய்க் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள். நான் கூடப் போவேன். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் காபியோடு உட்கார்ந்திருப்பேன், அவள் கைப்பை என் மடியில் இருக்கும். எனக்குப் பின்னால் ஜன்னல் வழியாக முதுகில் வெயில் அடிக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு புகையாகத் தெரியும். அவளைத் தாண்டிச் சின்னப் பிள்ளைகள் சர்ரென்று இறங்கும். அவள் பாதங்களை உள்பக்கம் திருப்பி, முட்டியை மடக்கி, யாரோ தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்துவிட்ட மாதிரி இறங்குவாள். எனக்குச் சிரிப்பு வரும். கண்ணாடி இருக்கும் தைரியத்தில் சிரிக்கவும் செய்தேன். சில மாதங்களில் சிரிக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. சரிவின் உச்சியிலிருந்து ஒரே மூச்சில் கீழே வந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் மறுபடி மேலே போகும் வரிசையில் போய் நின்றாள்.

அடுத்த குளிர்காலம் தொடங்கும் சமயத்தில் ஒரு நாள், சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டே சொன்னாள்.

"அந்த மலையடிவாரத்துல ஒஹாகுனேன்னு ஒரு ஊர் இருக்குங்க. அங்க கிளினிக்ல நர்ஸ் கேக்கறாங்க. உங்க வேலை எல்லாம் லேப்டாப்லதானே, எங்க உக்காந்தா என்ன? நாம அங்கயே போயிடலாமா?"

"பாக்கலாம்" என்றேன்.

இந்தச் சொல்லைத் தமிழ் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்து "பாக்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று பெண் வீட்டுக்குத் தெரியும். கடைக்காரர் "பாக்கலாம் சார்" என்றால் அந்தச் சாமான் வராது. முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்வது அநாகரிகம் என்று நினைக்கும் ஜனங்கள் செய்துவைத்த ஏற்பாடு அது. கேட்டவருக்கும் மானம் போகாது, சொன்னவனுக்கும் சண்டை மிச்சம். நானும் கல்யாணமான நாளிலிருந்து அதைத் தாராளமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறேன். நாய் வளர்ப்பதற்கு, அவள் மேற்கொண்டு படிப்பதற்கு, தென் தீவுக்குச் சுற்றுலா போவதற்கு, எல்லாவற்றுக்கும் "பாக்கலாம்"தான். அவளும் ஒரு முறை "ம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். இதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றைக்கும் முழுசாக விளங்கவில்லை.

எங்கள் மகள் இங்கேயே பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். நாங்கள் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அன்று டைனிங் டேபிளில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள், சிரித்துக்கொண்டே ஒரு கதை சொன்னாள். ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை பிள்ளைகளைக் கூப்பிட்டு, அவரவர் வீட்டு மொழியில் 'நோ' என்பதை எப்படிச் சொல்வார்கள் என்று போர்டில் எழுதச் சொன்னாராம். சமோவா நாட்டுப் பிள்ளை எழுதியது, சீனப் பிள்ளை எழுதியது. இவள் போய் 'பாக்கலாம்' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டு வந்தாளாம். நானும் சிரித்தேன். என் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான் லேப்டாப்பை மூடும் நேரத்தில் அவள் காரில் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"கிளம்புங்க."

"எங்க?"

"ஒஹாகுனேக்கு. நீங்கதானே பாக்கலாம்னீங்க? போய்ப் பாத்துட்டு வரலாம்."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. அங்கே தங்க இடம் எடுத்திருந்தாள். வாடகை வீடு ஒன்றைப் பார்க்க நேரம் வாங்கியிருந்தாள். இத்தனை வருடமாக அந்தச் சொல்லுக்கு எங்கள் இருவருக்கும் ஒரே அர்த்தம்தான் இருந்தது. அவள் மட்டும் திடீரென்று அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினால் நான் என்ன செய்வது? எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் சொன்னது நான்தான். ஏறி உட்கார்ந்தேன்.

ஒஹாகுனே ஊருக்குள் நுழையும் இடத்தில் பிரம்மாண்டமான ஒரு கேரட் நிற்கிறது. அங்கே கேரட் விளைச்சல் அதிகம், அதற்காகச் சிலை. நம் ஊர் எல்லையில் ஐயனார் நிற்கிற இடத்தில் ஒரு கேரட்டைக் கும்பிட்டுக்கொண்டு எப்படிக் குடியிருப்பது என்று கேட்டேன். அவள் வண்டியை நிறுத்தாமல் ஓட்டினாள். சனிக்கிழமை வாடகை வீட்டைப் பார்த்தோம். சின்ன வீடு, கூடத்தில் விறகடுப்புக் கணப்பு, பின்பக்கம் விறகு அடுக்க ஒரு கொட்டகை. நான் கறிவேப்பிலைக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அவள் சமையலறை ஜன்னலைத் திறந்தாள், மலை முழுசாகத் தெரிந்தது.

மறுநாள் மலைக்குப் போனோம். சரிவின் அடிவாரத்தில் நின்று அவளுக்காகக் காத்திருந்தேன். எல்லோரும் ஹெல்மெட்டும் கண்ணை மூடும் பெரிய கண்ணாடியும் போட்டிருந்தார்கள். அவளுடைய சிவப்பு ஜாக்கெட்டைத் தேடிப் பிடித்து, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். பதிலுக்குக் கையாட்டியபடி வந்து நின்றது ஒரு தாடிக்கார வெள்ளைக்காரர். அவர் பெரிய மனது பண்ணி எனக்குக் குட் மார்னிங் சொன்னார். என் மனைவி ஏற்கெனவே எனக்கு முன்னால் இரண்டு தடவை இறங்கிப் போயிருந்தாளாம். "உங்களைத் தாண்டித்தான் போனேன்" என்றாள். நான் அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்று அவளுக்கு வருத்தமில்லை. எனக்கு இருந்தது. அவ்வளவு வேகமாக, அவ்வளவு நிதானமாக இறங்கி வருகிறவள் என் வீட்டில் இருப்பவளாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. யார் மேல் என்று கேட்டால், அந்த மலை மேல்தான்.

அன்று மத்தியானமே கிளம்பித் திரும்பி வந்தோம். வழி முழுவதும் பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கிளென்ஃபீல்ட் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்தாள். இறங்கவில்லை.

"பாத்தாச்சு. இப்ப சொல்லுங்க."

வழக்கமான பதிலை எடுக்கப் போனேன். அது இல்லை. அதைத்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டோமே. வேறு எதுவும் கையில் இல்லாததால் உள்ளது வாயில் வந்தது.

"எனக்கு விருப்பம் இல்ல."

"ஏன்?"

"ஒரு தடவை ஊரை விட்டுட்டு வந்தாச்சு. வீடு தேடி, வேலை தேடி, மளிகைக் கடை எங்கன்னு தேடி, மனுஷங்களைத் தேடி. இங்க லைப்ரரில இருக்கற அம்மாவுக்கு இப்பத்தான் என் மூஞ்சி தெரியுது. மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்ல."

அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. எதிரே இருந்த கராஜ் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். கண்ணீர் வந்தது எனக்குத்தான்.

"எனக்கு இருக்குங்க" என்றாள்.

அவ்வளவுதான் எங்கள் சண்டை. அவள் கத்தவில்லை, நானும் கத்தவில்லை. அவள் அந்த வேலைக்கு எழுதிப் போட்டாள், கிடைத்தது. கிளம்புவதற்கு முன் சமையலறையில் பாத்திரங்களைப் பிரித்தாள். சின்னக் குக்கர் அவளுக்கு, பெரியது எனக்கும் மகளுக்கும். பெருங்காய டப்பா ஒன்றுதான் இருந்தது. அதை எடுத்தாள், யோசித்தாள், எனக்கே விட்டுவிட்டாள்.

பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருக்கிறார், என்னை விட மூத்தவர், நான் அண்ணை என்று கூப்பிடுவேன். கார் நிறைய மூட்டை ஏறுவதை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தவர், அவள் போன பிறகு மெதுவாக என்னிடம் கேட்டார்.

"என்ன தம்பி, மனுசி தனியவோ போயிருக்கிறா? உங்களுக்குள்ள ஏதும் பிரச்சினையோ?"

"இல்ல அண்ணை. அவளுக்கு அங்க புடிச்சிருக்கு. எனக்கு இங்க புடிச்சிருக்கு."

"ஓம், விளங்குது" என்றார். அவருக்கு விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் அவர் வீட்டிலிருந்து எனக்கு இடியப்பம் வந்துவிடும். எங்கள் தமிழ்ச் சங்கத்தில் மற்றவர்கள் அவ்வளவு நாகரிகமாகக் கேட்கவில்லை. நகரத்தின் மேற்கே மாசி என்ற பகுதியில் இருக்கும் ஒரு நண்பர், வக்கீல் யாராவது வேண்டுமா என்றே கேட்டுவிட்டார். சறுக்கப் போயிருக்கிறாள் என்று நானும் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். திருச்சி அக்காவுக்கு மட்டும், மருத்துவமனையில் வெளியூருக்கு மாற்றிவிட்டார்கள் என்று சொல்லியிருந்தோம்.

வீடு பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. மகள் டோஸ்ட் தின்றாள், நான் ரசம் வைக்கப் பழகினேன், இருவரும் அவரவர் நேரத்தில் தூங்கினோம். அவள் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள், பனி எப்படி விழுந்தது என்று சொல்வாள், விறகு பிளக்கக் கற்றுக்கொண்டதைச் சொல்வாள். குரலில் ஒரு கலகலப்பு இருக்கும். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும், பாதி நாள் அப்படி இருந்தது. மீதி நாள் போனை வைத்த பிறகு சும்மாவே மால் வரை நடந்துவிட்டு வருவேன்.

பனி முடிவதற்குள் ஒரு வார இறுதியில் நானே ஓட்டிக்கொண்டு போனேன். நான் வருகிறேன் என்றதும் எதற்கு என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் வீட்டுப் புகைபோக்கியிலிருந்து புகை வந்தது. கதவைத் தட்டினேன். திறந்தாள்.

"வாங்க, வாங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் என்னை ஒரு நாளும் வாசலில் நின்று 'வாங்க' என்று கூப்பிட்டதில்லை. வீட்டுக்காரனை யார் அப்படி அழைப்பார்கள்? அவன் பாட்டுக்கு வருவான், செருப்பைக் கழற்றுவான். நான் ஷூவை எங்கே விடுவது என்று தெரியாமல் நின்றேன். அவள் இடத்தைக் காட்டினாள். உட்காரச் சொல்லிவிட்டு, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். குடித்தேன்.

உள்ளே கட்டிலின் ஒரு பாதியில் மடித்த துணியும் கையுறைகளும் பரவிக் கிடந்தன. அவள் ஒவ்வொன்றாக எடுத்து நாற்காலியில் வைத்தாள். நான் என் பையைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.

"எப்ப கிளம்பணும் உங்களுக்கு?"

"ஞாயித்துக்கிழமை."

கடைசிக் கையுறையை எடுத்துவிட்டு, அந்தப் பக்கத்துப் போர்வையைக் கையால் நீவிவிட்டாள். பிறகு, விருந்துக்கு வந்தவர்களிடம் வாசல் வரை வந்து சொல்வோமே, அந்தக் குரலில் சொன்னாள்.

"இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போங்களேன்."