அடைக்கோழி குளித்து முடிக்கும்வரை

கோழி குளிக்கும் என்று சொன்னால் திண்டுக்கல் டவுனில் என் நாத்தனார் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பொடிமண்ணில் குழி பறித்து, படுத்துப் புரண்டு, இறக்கைக்குள்ளெல்லாம் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு, எழுந்து ஒரு உதறு உதறினால் பேன் மொத்தமும் மண்ணோடு போய்விடும். அந்த மண் இல்லாத வீட்டில் கோழி வளர்க்கவே கூடாது என்பேன் நான்.

ஜக்கம்மாள் அக்கா வீட்டில் அந்த மண் இல்லை. குஜிலியம்பாறைக்குக் கிழக்கே எங்கள் ஊரில் எனக்கு அடுத்த வீடு அவளுடையது. மகன் அழகுராஜா தன் கல்யாணத்துக்கு முன்னால் வாசல் தொடங்கிக் கொல்லைவரை சிமெண்ட் பூசிவிட்டான். "பொண்ணு வீட்டுக்காரங்க வந்தா கால்ல மண்ணு ஒட்டும்மா" என்றான். அவர்கள் ஒரு நாள் வந்து போனார்கள். கோழிகளோ தினமும் வேலி நுழைந்து பின்பக்கத்து உடையப்பன் அண்ணனின் மிளகாய் நாற்றங்காலுக்குக் குளிக்கப் போயின.

விதைத்த பாத்தியைக் கிளறினால் உழுது பிழைக்கிற எந்தச் சம்சாரிக்குப் பொறுக்கும்? போன வருஷம் அவர் கல்லை எறிந்தார்; ஒரு கோழிக்குக் கால் முறிந்தது. அக்கா விடுவாளா? அதே பாத்தி மண்ணை இரண்டு கையாலும் வாரி அவர் வீட்டைப் பார்த்துத் தூற்றினாள். மண்ணை வாரித் தூற்றுவது சின்ன விஷயமா? அன்றோடு பேச்சு நின்றது. "இனி ஒரு கோழி இங்கிட்டு வரட்டும், குழம்புதான்" என்று அவரும் சொல்லிவிட்டார்.

இந்தக் கோடையில் வெள்ளைக் கழிச்சல் வந்து தெருக் கோழியெல்லாம் செத்தது. அக்காவிடம் ஒரு கறுப்புப் பெட்டை மட்டும் மிஞ்சியது. நல்லவேளையாக அது அடைக்கு உட்கார்ந்தது. கூடையில் மணல் பரப்பி, இடிச் சத்தத்தில் முட்டை கெடாமலிருக்க இரும்புத் துண்டும் கரியும் மிளகாய் வற்றலும் போட்டு, ஒற்றைப்படையில் முட்டை வைத்தாள். சேவலும் செத்துவிட்டதால் இந்த முட்டைகள் போனால் எல்லாம் போச்சு. வேறு கோழி வாங்கிக்கொள்ளலாமே என்றேன்.

"அது எவளோ வளத்த கோழிடி. இது எங்க ஆத்தா குடுத்துவிட்ட கோழியோட வம்சம்" என்று என்மேல் விழுந்தாள்.

அடைக்கோழி தினமும் ஒருமுறை இறங்கி, இரை தின்று, குளித்துவிட்டுத்தான் மறுபடி ஏறும். அக்கா பழைய இரும்புச் சட்டியில் சலித்த மண்ணும் சாம்பலும் கலந்து வைத்தாள். சட்டி ஆடியதால் கறுப்பி அதில் காலைக்கூட வைக்கவில்லை. பேன் கடி தாங்காமல் கூடையிலேயே கொத்திக் கொத்திப் புரண்டது.

குஞ்சு பொரிக்கிற சமயம். கோழி வெளியே போகாமல் அக்கா சாத்தியே வைத்திருந்த கொல்லைக் கதவை அன்று காலையில் அழகுராஜா திறந்து போட்டுவிட்டுப் போய்விட்டான். கூடையில் கோழி இல்லை. அக்கா முட்டைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பழைய சேலையை அவற்றின்மேல் போர்த்தி, "போச்சுடி, குழம்பு வச்சிருப்பான்" என்று ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

நாற்றங்கால் நடுவில் கறுப்பி படுத்துப் புரண்டுகொண்டிருந்தது. வரப்பில் உடையப்பன் அண்ணன் தண்ணீர்க் குழாயோடு நின்றார். திரீ பேஸ் கரண்டு வருகிற நேரம் அது, விட்டால் அவருக்குத் தண்ணீர் கிடையாது. ஆனால் மோட்டாரை அவர் நிறுத்தி வைத்திருந்தார். அக்கா வாயைத் திறப்பதற்குள் அவர் கையை உயர்த்தினார்.

"அசையாத தாயி. அடைக்கோழி. இப்ப வெரட்டுனா மெரண்டு அடை கலஞ்சிரும்."

அது அக்காவுக்கும் தெரியும். இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர், நடுவில் கோழி. அது ஒரு பக்கம் புரண்டு முடித்து மறுபக்கம் சாய்ந்தது. விதைகள் மண்ணோடு தெறித்தன. "முட்ட ஆறுதே, முட்ட ஆறுதே" என்று அக்கா முணுமுணுத்தாள். ஏய் சீமாட்டி, போதும் எழுந்திரு என்று எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது.

"கரண்டு போயிரும்ணே" என்றேன்.

"போகட்டும்."

அது எழுந்து உதறியதும் நான் தெருவழியாக ஓடி, கூடையிலிருந்த சேலையை எடுத்துவிட்டு ஒதுங்கினேன். கறுப்பி வேலியில் நுழைந்து, சிமெண்ட் தரையைக் கடந்து வந்து, கூடையை ஒருமுறை சுற்றியது. ஏறுமா, போய்விடுமா? பிறகு ஏறி உட்கார்ந்தது.

பின்னால் வந்த அக்கா, அதன் வயிற்றுக்கடியில் கைவிட்டு ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்தாள். வேலிக்குப் போய், அங்கே நின்ற உடையப்பன் அண்ணனிடம் நீட்டினாள். அவரும் காதில் வைத்துக் கேட்டார்.

"கொத்துது" என்றார். அதற்குள் கரண்டு போயிருந்தது.

சாயங்காலம் அக்கா கடப்பாரையால் கொல்லை மூலையில் சிமெண்டைப் பெயர்த்தாள். "என்னம்மா பண்ற?" என்று பதறினான் அழகுராஜா.

"பொண்ணு வீட்டுக்காரங்க இந்த மூலைக்கு வர வேணாம்."

அப்போது கொல்லைக் கதவில் உடையப்பன் அண்ணன் கூடை நிறைய மண்ணோடு நின்றார். நாற்றங்கால் மண், சலித்திருந்தார். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

"நான் வாரித் தூத்துன மண்ணுண்ணே இது."

"தெரியும் தாயி. செத்த தள்ளு, கொட்டணும்."