படகுக்காரனிடம் பேச ஆளில்லை

கதை விளையாட்டு நடத்துகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் தொழில் நன்றாக நடக்கிறது என்று அர்த்தம். எனக்குக் கடைசியாகத் தொண்டை கட்டி எத்தனையோ வருஷமாகிவிட்டது.

தக்கலையில் ஆறு கம்ப்யூட்டர் வைத்து நெட் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். 2004-இல் பின்னறையில் ஒரு நீள மேசையைப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் இந்த விளையாட்டைத் தொடங்கினேன். வருகிறவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் வீரன், ஒருவர் திருடன், இப்படி. வழியில் எதிர்ப்படுகிற மற்ற எல்லோராகவும் நான் பேசுவேன். சண்டை வந்தால் பகடை தீர்ப்புச் சொல்லும். சட்டம் ஒன்றே ஒன்று: மேசையில் உட்கார்ந்தபின் அவரவர் வேஷமாகத்தான் பேசவேண்டும். நீங்களும் எங்காவது இப்படியொரு மேசை போட்டு, பூதத்தின் குரலில் தனியாகக் கத்திக் களைத்தவர் என்றால் வாருங்கள், சேர்ந்து அழலாம்.

வீரனுக்கு அடக்கம்

கடற்கரை ஊரான இனயத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற ஜெஸ்டின்தான் எங்கள் வாள்வீரன். நிஜத்தில் படகு எஞ்சின் மெக்கானிக். முதல் வருஷம் ஒரு குகைக்குள் அவனுடைய வீரன் செத்துப்போனான். பகடை உருண்டு நின்றதும் திருடன் வேஷக்காரன் பினு, திருவட்டாற்றிலிருந்து வருகிற காலேஜ் மாணவன், எழுந்து நின்றான். ஆட்டோவில் மைக் கட்டிச் சாவு அறிவிப்பார்களே, அந்தக் குரலில், "இன்னாரின் அன்பு மகனும் இன்னாரின் ஆருயிர் நண்பருமான" என்று ஆரம்பித்துவிட்டான். வைத்தியச்சியாக விளையாடும் ஸ்டெல்லாவுக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது.

வேறு வேஷம் எடுத்துக்கொண்டு இப்போதே விளையாட்டைத் தொடரலாம் என்று ஜெஸ்டினிடம் சொன்னேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "அது மரியாதை இல்லல்லா அக்கா. ஒரு ஏழு நாளாவது கழியட்டு."

அக்கரை

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் இறங்குமுகம்தான். இரண்டு மூன்று வருஷத்தில் முன்னறைக் கம்ப்யூட்டர்களில் ஆன்லைன் விளையாட்டு வந்துவிட்டது. அதில் யாராவது வாயைத் திறந்தால் ஒரு பட்டனைத் தட்டித் தாண்டிப் போய்விடலாம். பினுவும் ஜெஸ்டினும் வாரம் முழுக்க அதைத் தட்டிப் பழகிவிட்டு ஞாயிற்றுக்கிழமை என் மேசைக்கு வருவார்கள்.

அந்த மழைக்காலத்தில் ஒரு படகுக்காரனைத் தயார் செய்தேன். ஆஸ்துமா உள்ள மனிதன். மகள் ஓடிப்போனவள். வாள் வைத்திருக்கிறவர்களைக் கண்டால் பிடிக்காது. பதமாக நாலு வார்த்தை பேசினால் எதிரி கோட்டையின் பின்வாசலைக் காட்டிக்கொடுப்பான். ஒரு வாரம் உட்கார்ந்து நோட்டில் எழுதி வைத்திருந்தேன். இருமிக்கொண்டே "யாரப்பா அது?" என்று ஆரம்பித்தேன். இரண்டாவது இருமல் இருமுவதற்குள் பினு பகடையைக் கையில் எடுத்துவிட்டான்: "அக்கா, நாங்க அக்கரை போய்ச் சேந்தாச்சுன்னு வச்சுக்கிடுங்க. இந்த ஆளு சண்டைக்கு வருவானா மாட்டானா, அத மட்டும் சொல்லுங்க."

ராணியின் கடைசி வார்த்தை

அவர்கள் மேசையை விட்டுப் போனால் நாமும் பின்னாலேயே போவோம் என்று மானத்தை விட்டுக் கதையைக் கம்ப்யூட்டருக்கு, ஒருவர் நடத்த மற்றவர்கள் விளையாடுகிற ஒரு திரை விளையாட்டுக்கு, மாற்றினேன். நான் ஒன்றில், அவர்கள் மூன்றில். வசனத்தை எல்லோரும் டைப் செய்ய வேண்டும். சட்டம் பழைய சட்டம்தான்.

மூன்று வருஷமாகக் காப்பாற்றி வந்த ரகசியத்தை ராணி சாகும்போது சொல்லவேண்டும். நான் ஒவ்வொரு வார்த்தையாக அடித்துக்கொண்டிருந்தேன். அப்போதெல்லாம் மின்வெட்டுக்கு நேரம் குறித்து வைத்திருந்தார்கள். மந்திரிகள் தலைகுனிந்து நிற்கிற சபையில், எல்லோரும் பார்க்கும்படி, பினுவின் வரி வந்து விழுந்தது: "அக்கா நாலு மணிக்கு கரண்ட் போவும். ராணி அதுக்கு முந்தி செத்துருவாளா?"

வைத்தியச்சி

கடைசிவரை சட்டத்தைக் காப்பாற்றியவள் ஸ்டெல்லா ஒருத்திதான். மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்து உடுப்பை மாற்றிக்கொண்டு நேரே இங்கே வருவாள். திரையில் காயத்தை ஆற்ற ஒரு பட்டன் போதும். இவள் அதைத் தொடமாட்டாள். அடிபட்டவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எங்கே நோவுகிறது? எப்போதிருந்து?" என்று டைப் செய்து, பதில் வரும்வரை காத்திருப்பாள். பதிலுக்கு முன்னால் பூதம் வந்துவிடும். அவள் இருக்கிறவரை என் கடையில் இந்த விளையாட்டு உயிரோடு இருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ஜெஸ்டின் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தான். இந்த விளையாட்டில் செத்தவன் பத்து நொடியில் எழுந்துவிடுவான், அந்தப் பத்து நொடிகூட அவனுக்குப் பொறுக்கவில்லை: "இவ எங்க நோவுதுன்னு கேட்டு முடிக்கதுக்குள்ள எனக்கு நோவே இல்லாமப் போயிருது அக்கா. செத்துட்டேன்லா!"

ஒரு சாயங்காலம்

ஸ்டெல்லா திருந்தாவிட்டால் வேறு சென்டருக்குப் போய்விடுவோம் என்று இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள். அவர்களை நம்பித்தான் மற்றப் பையன்களும் வந்துகொண்டிருந்தார்கள். நான் பயந்துவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் சொன்னேன், "ஸ்டெல்லா, பேச்செல்லாம் வேண்டாம். பட்டனை மட்டும் அமுக்கு." அவள் "சரிக்கா" என்றாள். அன்று முழுக்க அமுக்கினாள். யாரும் சாகவில்லை. அடுத்த கிறிஸ்துமஸ் வரை இழுக்கலாம் என்று நான் வைத்திருந்த அரக்கன், சாயங்கால டீயோடு டீக்கடைக்காரர் வருவதற்கு முன்பே செத்தான். ஆளில்லாத கோட்டைக்குள் இரண்டு பேரும் சும்மா சுற்றிச்சுற்றி வந்தார்கள். "இனி என்ன செய்யதுக்கா?" என்று பினு கேட்டான்.

ஸ்டெல்லா பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நான் படிவரை பின்னாலேயே போய், அடுத்த வாரம் வருவாயல்லவா என்று கேட்டேன். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன், அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "வார்டுல நாப்பது பேராக்கும் அக்கா. ஊசியப் போட்டுட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடணும். எங்க நோவுதுன்னு நின்னு கேக்க ஒரு எடம் வேணும்னுதான் இங்க வந்தேன். பட்டன் அமுக்கதுக்கு எனக்கு அங்கயே சோலி கெடக்கு."

எட்டு வருஷம் பூதமாகவும் ராணியாகவும் படகுக்காரனாகவும் தொண்டை கிழியப் பேசினேன், ஒருவரும் காதில் வாங்கவில்லை. ஒரே ஒருநாள் கடை முதலாளியாகப் பேசினேன், சொன்னபடியே நடந்துவிட்டது.